மீன் தொட்டிக்கு லைட்டு வாங்கப் போறீங்களா?

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகள்ல கலர் கலரா மின்னுற எல்.இ.டி.யைப் பார்த்து மயங்கிடாதீங்க. சிவப்பு, ஊதான்னு மாறி மாறி எரியிறதெல்லாம் நமக்காக, மீனுக்காக இல்ல. மீன் மட்டும்தான்னா சாதாரண வெள்ளை லைட்டே தாராளம்.

செடியும் வளர்க்கணும்னாதான் யோசிக்கணும். டப்பால 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை நிறம்), இல்ல அதுக்குப் பக்கத்துல போட்டிருக்கான்னு பாருங்க. வாட்ஸ் கணக்கெல்லாம் டியூப்லைட் காலத்தோட போச்சு, இப்ப வெளிச்சத்தோட அளவைச் சொல்ற லூமென்தான். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி தொட்டிச் செடிகளுக்கு மங்கலான வெளிச்சமே போதும். அதிகமாப் போனா அனுபியாஸ் இலை மேல கரும்பச்சையா புள்ளி புள்ளியா பாசி ஒட்டும். நகத்தால சுரண்டினாலும் லேசுல வராது.

ஒரு நாளைக்கு 6லிருந்து 8 மணி நேரம் எரிஞ்சா போதும். எங்க வீட்ல டைமர் போட்டு சாயங்காலத்துக்கு மாத்தி வெச்சிருக்கோம், உக்காந்து பார்க்க ஆள் இருக்கிற நேரம் அதுதானே! விடிய விடிய நீல லைட்டு போடுறவங்க கவனத்துக்கு: மீனுக்கு இமை கிடையாது, ராத்திரி இருட்டு வேணும்.

ஜன்னல் வெயில் நேரா விழுற இடத்துல தொட்டியை வெச்சுட்டு, பாசி வந்ததும் லைட்டைத் திட்டாதீங்க.

அப்புறம், அடியில கறுப்பு மணல் போட்டுப் பாருங்க. அதே லைட்ல நியான் டெட்ரா மீனோட நீலக் கோடு இன்னும் எடுப்பாத் தெரியும்.