பிளாஸ்மா ஸ்பிரே: பொடி சின்னதானால் என்ன ஆகும்? (சர்ஃபேஸ் இன்ஜினியரிங் எழுதப் போகிறவர்களுக்கு)

ரிசல்ட் வந்துவிட்டது, ஓ கிரேடு. பெரிய நிம்மதி. பாளையங்கோட்டை ரூமில் இருக்கும் தம்பிமார் "அண்ணே, பிளாஸ்மா ஸ்பிரேயை எப்படிப் படிச்சீங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். பிளாஸ்மா ஸ்பிரே என்றால், டார்ச்சிலிருந்து சீறி வரும் அதிசூடான வாயு ஜெட்டுக்குள் பொடியைப் போட்டு உருக்கி, ஒரு பரப்பின் மேல் கோட்டிங்காகப் படியவைப்பது.

டார்ச்சுக்குள் டங்ஸ்டனில் கேத்தோட் (எதிர்மின்வாய்), தண்ணீர் ஓடும் செம்பில் ஆனோட் (நேர்மின்வாய்), ஆர்கான் வாயுவுடன் கொஞ்சம் ஹைட்ரஜன், இதெல்லாம் 2 மார்க்குக்குப் போதும். 13 மார்க்கும் 15 மார்க்கும் வாங்கித் தருவது ஒரே கேள்விதான்: பொடி சின்னதானால் என்ன ஆகும்?

வழக்கமான ஸ்பிரேக்கு 10 முதல் 100 மைக்ரான் வரை பொடி போடுவார்கள். 5 மைக்ரானுக்குக் கீழே இறங்கினால் முதலில் அது குழாயில் ஓடாது. வீட்டில் ஒரு புனலில் ரவையைக் கொட்டிப் பாருங்கள், சரசரவென்று இறங்கும். மைதாவைக் கொட்டினால் உள்ளே வளைவு கட்டி நின்றுகொள்ளும், தட்டினால்தான் பொத்தென்று விழும். நானோ அளவுப் பொடியில் இது இன்னும் மோசம். அப்புறம், எடை இல்லாததால் உந்தமும் இல்லை. ஜெட்டின் நடுவுக்குப் போகாமல் ஓரத்திலேயே அடித்துக்கொண்டு போய்விடும். கேரியர் கேஸை (பொடியைச் சுமந்து வரும் வாயுவை) ஏற்றித் தள்ளலாமே என்றால் ஜெட்டே கலைந்துவிடும்.

இது மண்டையில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒரு வழி, நானோ துகள்களை ஸ்பிரே டிரையிங்கில் (திரவத்தில் கலந்து தெளித்து உலர்த்தி) பெரிய உருண்டைகளாக்கிப் போடுவது. ஆனால் உருண்டை முழுக்க உருகினால் நானோ அமைப்பு போய்விடும், அதனால் பாதி உருகிய பகுதிகள் மிஞ்சும்படி பவரையும் ஆர்கான் அளவையும் வைக்க வேண்டும். அலுமினா-13% டைட்டானியா இதற்கு நல்ல உதாரணம். இன்னொரு வழி சஸ்பென்ஷன்: துகளை எத்தனாலிலோ தண்ணீரிலோ கலந்து திரவமாகவே ஜெட்டுக்குள் செலுத்துவது. 1990களில் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை. ஜெட்டில் அந்தத் திரவம் ஆவியாகி, துகள் உருகிச் சின்னத் துளியாகும். சின்னத் துளி சீக்கிரம் ஆறும், வேகமும் இழக்கும். அதனால் டார்ச்சைக் கிட்டக் கொண்டுவர வேண்டும், வழக்கமான 100 மில்லிமீட்டருக்குப் பதில் 50 போல. பரப்பை ஒட்டித் திரும்பும் வாயுவோடு துளிகளும் திரும்பி, மேடுகளின் பக்கவாட்டில் ஒட்டி, தூண் தூணாக வளரும். அந்தத் தூண்களுக்கு இடையிலுள்ள இடைவெளிதான் சூடேறி விரியும்போது கோட்டிங் பெயராமல் காக்கிறது. இந்தத் தூண் படத்தை ஒரு நாள் விடாமல் வரைந்து பழகுங்கள். நான் படம் போட்டே படிக்கிற ஆள், வரிவரியாக மனப்பாடம் செய்வது எனக்கு ஏறாது.

எழுதும்போது:
- பாராமீட்டர் டேபிள் வேண்டாம், காரணம் எழுதுங்கள்.
- தண்ணீரை ஆவியாக்க எத்தனாலைவிட அதிக வெப்பம் தேவை. இந்த ஒரு வரியை விடாதீர்கள்.
- இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின் சோதனை மையம் உள்ள மகேந்திரகிரி பக்கத்தில் இருப்பதால் பயன்பாடு என்றதும் ராக்கெட்தான் நினைவுக்கு வரும். தெர்மல் பேரியருக்கு (வெப்பத்தைத் தடுக்கும் கோட்டிங்) கேஸ் டர்பைன் பிளேடையே எழுதுங்கள்: மேலே இட்ரியா கலந்த சிர்கோனியா, கீழே எம்கிராலி (MCrAlY, நிக்கல் அல்லது கோபால்ட்டோடு குரோமியம், அலுமினியம், இட்ரியம் சேர்ந்த உலோகக் கலவை) பாண்ட் கோட், அதாவது மேல் கோட்டிங்கைப் பிடித்துவைக்கும் அடுக்கு.
- பார்ட் சி-யை (15 மார்க் கேள்வி) முதலிலேயே எழுதிவிடுங்கள், கை ஓய்ந்த பிறகு படம் வராது.