பி2 சான்றிதழ் வாங்கித் தந்த வேலை

புதுச்சேரியில் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலையை எழுதினேன். பேச்சுத் தேர்வில் இரண்டு சீட்டு எடுத்து, ஒன்றைத் தேர்ந்து, அரை மணி நேரம் குறிப்பெழுதிவிட்டுத் தேர்வாளர்கள் முன்னால் நம் கருத்துக்காக வாதாட வேண்டும். அன்று கை நடுங்கியது, ஆனால் பிரெஞ்சு வாடிக்கையாளர்களிடம் ஃபோனில் பேசும் இன்றைய வேலையை எனக்கு வாங்கித் தந்தது அந்தப் பயிற்சிதான். 100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 5 வேண்டும். சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும், பிரான்சில் பிரெஞ்சு வழியில் முதுகலை படிக்கப் பல பல்கலைக்கழகங்கள் கேட்பதும் இந்த பி2தான்.

அப்புறம், கனடா போக நினைப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறைக்கு டெல்ஃப் செல்லாது. அதற்கு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற வேறு பிரெஞ்சுத் தேர்வை எழுத வேண்டும், அந்த மதிப்பெண்ணுக்கு 2 ஆண்டுதான் ஆயுள். என் தோழி ஒருத்தி இது தெரியாமல் டெல்ஃபுக்குப் பணம் கட்டிவிட்டு எவ்வளவு அழுதாள் தெரியுமா!