பூ என்று எழுதினேன்

அக்டோபர் 14, கஸ்ஸல், ஜெர்மனி

பரீட்சைத் தேதி லெட்டர் இன்றும் வரவில்லை.

12ஆம் அறைப் பாட்டி என்னை ஃப்ராய்லைன், அதாவது கல்யாணமாகாத பெண், என்றுதான் கூப்பிடுகிறார். கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் வளர்ந்த பெண் ஃப்ராவ்தான் என்று அரசு அலுவலகங்களில் 1972லேயே அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள், பாட்டிக்குத் தகவல் வரவில்லை போலிருக்கிறது. பெல்லை அழுத்தும்போது மட்டும் ஷ்வெஸ்டர். அதுவும் பழசாகிவிட்டது, 2020இலிருந்து புது நர்ஸிங் படிப்பு முடிக்கிறவர்களுக்கு ஃப்ளேகெஃபாக்ஃப்ராவ் என்று பெயர். வலியில் இருக்கிறவர் அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் நான் ரெண்டு அறை தாண்டிப் போயிருப்பேன். எனக்கு ஷ்வெஸ்டரே போதும், நாகர்கோவிலிலும் சிஸ்டர்தானே.

அக்டோபர் 17

பொட்ஷாம்பர் என்றால் ராத்திரி கட்டிலுக்கடியில் வைக்கும் சட்டி. லேட்டாகத்தான் தெரிந்தது. பெட்ஷீட் மாற்றியாச்சு.

அக்டோபர் 19

பாட்டியின் அண்ணன் சின்ன வயசிலேயே ஷ்விண்ட்சுஹ்ட்டில் செத்துப்போனாராம். சுஹ்ட் என்றால் போதைப் பழக்கம், கிளாஸில் அப்படித்தான் படித்தோம். ஷ்விண்டல் என்றால் தலைச்சுற்றல், மோசடி என்றும் ஒரு அர்த்தம் உண்டு. ரெண்டையும் சேர்த்து, ஏதோ கெட்ட சகவாசம் என்று நானே முடிவு பண்ணி, உச் கொட்டிவிட்டு வந்தேன். அப்புறம் பார்த்தால் டிபி! அந்தக் காலத்தில் சுஹ்ட் என்றாலே நோய்தானாம், மஞ்சள் காமாலைக்கு இன்னும் கெல்ப்சுஹ்ட் என்றுதான் பெயர். ஆள் தேய்ந்து தேய்ந்து போகிற நோய், நம்ம ஊரில் எலும்புருக்கி என்பது மாதிரி. டிபி வார்டில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான்.

அக்டோபர் 22

சாயங்காலம் லைட்டைப் போட்டதும் "ஃபெர்டுங்க்லுங்!" என்று கத்தினார். ஜன்னலை மறைக்கச் சொல்கிறார், வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதாம். 1943 அக்டோபர் 22 ராத்திரிதான் பிரிட்டிஷ் விமானங்கள் இந்த ஊரை எரித்தன, சுமார் 10,000 பேர் செத்தார்கள். பாட்டிக்கு அப்போது 12 வயசு. திரையை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேதி அவருக்குத் தெரிந்திருந்ததா, தினமும் இதே கத்தல்தானா, டே ஷிப்டில் கேட்க வேண்டும்.

அக்டோபர் 25

நைட் டியூட்டி. அமைதி. பாட்டி பூவைப் பற்றி ஏதோ சொன்னார். அவர் ஜன்னலில் ஒரு பூக்கூட இல்லை, பாவம். "பூக்கள் வேண்டும் என்கிறார், தொந்தரவில்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். நாளைக்கு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அக்டோபர் 26

விடிகாலை 3:10. பாத்ரூம் கதவருகே விழுந்து கிடந்தார். வலது கால் குட்டையாக, வெளிப்பக்கம் திரும்பி இருந்தது, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது "மூமெ, மூமெ" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். அது யார் பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம், சொன்னபடி சாமந்தி வாங்கிப்போய் அந்தக் காலி அறையில் வைத்தேன். கூட வேலை பார்க்கும் அக்கா எடுத்துவிட்டார். இந்த சீசனில் அது கல்லறைக்கு வைக்கிற பூவாம்.

அக்டோபர் 28

பூ இல்லை.

அக்காவிடம் சும்மாதான் கேட்டேன், பாட்டி அன்றைக்கு "மியர் இஸ்ட் ஸோ ப்ளூமெரான்ட்" என்றாரே, என்ன பூ அது என்று. அவர் சிரித்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தலை சுற்றுகிறது, மயக்கமாக வருகிறது என்று அர்த்தமாம். ப்ளூமெ என்றால் பூ, அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. இந்தச் சொல்லோ பிரெஞ்சிலிருந்து வந்தது, ப்ளூ மூரான், சாகிற நீலம், அதாவது வெளிறிப்போன நீலம். கண் முன்னால் எல்லாம் வெளிறுவதைச் சொல்லியிருக்கிறார். நெற்றியில் கை வைத்துக்கொண்டு சொன்னார். கையை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் "தொந்தரவில்லை" என்று எழுதினேன்.

"க்ரோஷன் இப்போதுதான் விழுந்ததா?" என்றார் அக்கா, மெதுவாகத்தான். இப்போதுதான் புரிந்ததா என்று அர்த்தம். க்ரோஷன் என்பது பழைய பத்து ஃபென்னிக் காசு. காசு உள்ளே விழுந்தால்தான் மெஷின் ஓடும். 2002இல் யூரோ வந்ததும் காசு போய்விட்டது, பேச்சில் மட்டும் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

அக்டோபர் 29

பிபி பார்த்திருக்கலாம். ரெண்டே நிமிஷ வேலை.

நவம்பர் 2

லீவு. தூக்கம் வரவில்லை, கிரிம்வெல்ட் மியூசியத்துக்குப் போனேன். கிரிம் சகோதரர்கள் என்றால் எனக்குக் கதைதான் தெரியும், அகராதி தெரியாது. ராஜாவை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டதற்காக கோட்டிங்கனில் வேலை போய், இந்த ஊருக்குத் திரும்பி வந்திருந்தபோது 1838இல் தொடங்கியிருக்கிறார்கள். முதல் தொகுதி 1854இல். யாக்கோப் 1863இல் செத்தபோது எஃப் எழுத்தில் "ஃப்ருஹ்ட்", அதாவது கனி, என்ற சொல்லில் இருந்தாராம். மற்றவர்கள் முடித்தது 1961இல். நான் ஒரு சொல்லுக்கே மூன்று நாள் எடுத்துக்கொண்டேன், அதற்குள் ஒருத்தருக்கு எலும்பு முறிந்துவிட்டது.

மூமெ கிடைத்தது. பெயர் இல்லை, உறவு. அம்மாவின் அக்கா தங்கை. சித்தி! இவர்களிடமும் ஒருகாலத்தில் நம்மைப் போலவே தனித்தனியாக இருந்திருக்கிறது: தாய்மாமன் ஓஹைம், அத்தை பாசெ, அப்பாவின் அண்ணன் தம்பி ஃபெட்டர். அப்புறம் பிரெஞ்சு மோகத்தில் ஓங்க்கெல், டான்டெ என்று ரெண்டே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிட்டார்கள். பாசெயும் ஃபெட்டரும் ஒரு தலைமுறை கீழே இறங்கி அத்தை மகள், மாமன் மகன் மாதிரியான முறைக்கு வந்தன, இப்போது அதற்கும் குஸீன், குஸேன் வந்தாயிற்று. டூடன் அகராதியில் மூமெக்குப் பக்கத்தில் "ஃபெரால்ட்டெட்" என்று போட்டிருக்கிறது, வழக்கொழிந்தது. ஒழிந்துகொண்டிருக்கிற சொல்லுக்கு "ஃபெரால்ட்டெண்ட்" என்று தனிக் குறிப்பு. கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன ன். யார் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறார்கள், இன்றோடு இது முடிந்தது என்று? ஸ்ட்ரெச்சரில் ஒருத்தர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதானே போனார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்தப் பாட்டிக்குச் சித்தி இப்ப உயிரோடயா இருப்பாங்க?" என்றாள்.

நவம்பர் 5

இன்சார்ஜிடம் சொல்லிவிட்டேன், எழுதினதையும் காட்டினேன். "புரியலைன்னா கேட்கணும்" என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. புரியவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லையே, புரிந்தது என்றல்லவா நினைத்தேன்? இதை ஜெர்மனில் சொல்ல எடுத்து, பாதியில் வினைச்சொல் இடம் மாறிப்போய், சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஜெர்மன் பாஸான பி2 சர்டிபிகேட் பையிலேயே இருந்தது.

நவம்பர் 6

2007இல், அழிந்துவரும் சொற்களில் எது அழகு என்று ஒரு போட்டி வைத்தார்களாம். முதலிடம் க்லைனோட், சின்ன நகை மாதிரி விலைமதிப்பான பொருள். இரண்டாமிடம் ப்ளூமெரான்ட். அழகாம்.

நவம்பர் 9

லெட்டர் வந்துவிட்டது. பரீட்சை ஜனவரியில். சந்தோஷமாக இருக்க வேண்டும், இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 12

பாட்டி திரும்பி வந்துவிட்டார். பிளேட் வைத்திருக்கிறார்கள். முகம் பாதியாகிவிட்டது, என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. ஃப்ராய்லைன் என்று கூப்பிடவில்லை.

நவம்பர் 13

நைட் டியூட்டி. 1:40க்கு பெல். கண்ணை மூடிக்கொண்டு "ப்ளூமோ... ப்ளூமோ" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிபி 128/76, பல்ஸ் 80, சுகர் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. தலை சுற்றுகிறதா, குமட்டுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று தெரிந்த எல்லாச் சொல்லிலும் கேட்டேன். மாடிக்கு போன் போட்டு அக்காவை வரச் சொன்னேன். அவர் மூச்சு வாங்க ஓடி வந்து, ஒரு நொடி பார்த்துவிட்டு, குனிந்து தரையில் கிடந்த இறகுப் போர்வையை எடுத்துப் பாட்டிக்குப் போர்த்தினார். அதற்குப் பெயர் ப்ளூமோவாம்.

ரிப்போர்ட்டில் அவர் சொன்னது சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.