பத்தாவது ஆள்

2025 ஜூன் 9, திங்கள்

நான் கவர்னராக இருக்கும் இங்கிலாந்து ஆம்புலன்ஸ் சேவையின் கவர்னர் கவுன்சில் கூட்டத்துக்கான காகிதக் கட்டு வந்துவிட்டது. சேவையை நடத்தும் போர்டைக் கேள்வி கேட்பதுதான் கவர்னர் வேலை. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். முதலில் புரட்டுவது எப்போதும் வகை 2 அட்டவணை. அவசர அழைப்புகளைத் தீவிரத்தை வைத்து வகை பிரிப்பார்கள்; பக்கவாதம், நெஞ்சுவலி எல்லாம் இரண்டில்தான் வரும். வண்டி போய்ச் சேரச் சராசரி 18 நிமிடம், பத்தில் ஒன்பது பேருக்கு 40 நிமிடத்துக்குள்: இது 2017-இல் வகுத்த விதி. 2023-இலிருந்து 30 நிமிடச் சராசரி போதும் என்று தளர்த்தி வைத்திருக்கிறார்கள். தற்காலிகமாம். இது மூன்றாவது ஆண்டு.

பத்தாவது ஆளுக்கு விதியே கிடையாது.

ஜூன் 10

ஒன்பது பேருக்கு 15 நிமிடத்தில் வண்டி போகிறது, ஒருவருக்கு 95 நிமிடத்தில். கூட்டினால் 230. சராசரி 23 நிமிடம். பத்தில் ஒன்பதும் 40-க்குள். அட்டவணை முழுக்கப் பச்சை.

ஜூன் 17

கேள்வியை நான்காவது முறையாகத் திருத்தியாயிற்று. புதிதாக வரும் கவர்னர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. "ஆம்புலன்ஸ் ஏன் தாமதம்?" என்று கேட்டால் சேவைப் பிரிவு இயக்குநர் எழுந்து படங்கள் போட்டு அரை மணி நேரம் பேசுவார். எல்லோரும் தலையாட்டுவோம். நேரம் முடிந்துவிடும்.

2012 சுகாதாரச் சட்டம் கவர்னர்களான நம் கையில் கொடுத்த வேலை வேறு. போர்டில் அன்றாட நிர்வாகம் பார்க்காத இயக்குநர்கள் இருக்கிறார்களே, அவர்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் பதில் சொல்ல வைப்பது. ஆகவே கேள்வி அவர்களை நோக்கித்தான் போக வேண்டும். "40 நிமிடத்துக்கு அப்பால் காத்திருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று உங்கள் குழு கடைசியாக எப்போது பார்த்தது? எந்தக் காகிதத்தைப் பார்த்தது? திருப்தி என்றால், எதனால்?" மூன்று துண்டு. ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் கூட்டக் குறிப்பேட்டில் பதியச் சொல்லலாம்.

நோயாளிகள் சரியான கவனிப்பின்றிப் பாதிக்கப்பட்ட ஸ்டாஃபர்ட் மருத்துவமனை பற்றி 2013-இல் வந்த ஃபிரான்சிஸ் அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கேயும் கவர்னர்கள் இருந்தார்கள்.

ஜூன் 24

கட்டுப்பாட்டு அறையில் நான்கு மணி நேரம். அவசர அழைப்புகளைக் கூடவே கேட்க இரண்டாவது ஹெட்செட், ரகசியக் காப்புப் படிவத்தில் கையெழுத்து, வாய் திறக்கக் கூடாது. முதல் கேள்வி முகவரி அல்ல, "மூச்சு இருக்கிறதா?"

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதை எல்லோரும் தப்பாகவே நினைக்கிறார்கள். வகை 2-க்கு மூன்றில் எது முந்துகிறதோ அது: பிரச்சினை இன்னதென்று குறிக்கப்படும் நேரம், முதல் வண்டி ஒதுக்கப்படும் நேரம், அழைப்பு இணைந்து 240 நொடி முடியும் நேரம். அதாவது கணக்கில் வராத நான்கு நிமிடம் வரை முன்னாலேயே போய்விடலாம். நிற்கும் இடமும் முக்கியம். நோயாளியை ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தால், ஏற்றிச் செல்லும் வண்டி வந்து சேரும்போதுதான் கடிகாரம் நிற்கும். 2017-க்கு முன் 8 நிமிட இலக்கு இருந்த காலத்தில் ஒரு காரை ஓடவிட்டுக் கடிகாரத்தை நிறுத்தினார்கள். ஏற்றிப்போக வண்டி பின்னால் எப்போதோ வரும். அந்த ஓட்டையை அடைத்தது நல்ல வேலை.

ஜூலை 3, வியாழன்

அரசின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம் வெளியாகிவிட்டது. ஃபவுண்டேஷன் டிரஸ்ட்களுக்கு, அதாவது நம் சேவையைப் போன்ற தன்னாட்சியுள்ள அரசு சுகாதார அமைப்புகளுக்கு, இனி கவர்னர்கள் கட்டாயமில்லையாம்.

ஜூலை 4

தூக்கம் இல்லை. ஆனால் சட்டம் மாறும்வரை சட்டம் சட்டம்தான். இன்று காலை நம் கையில் இருப்பவை: போர்டுத் தலைவரையும் அன்றாட நிர்வாகம் பார்க்காத இயக்குநர்களையும் நியமிப்பது, அவர்கள் ஊதியத்தை முடிவு செய்வது. நீக்க வேண்டுமென்றால் மொத்தக் கவர்னர்களில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். தலைமை நிர்வாகி நியமனத்துக்கு ஒப்புதல். வெளித்தணிக்கையாளர் நியமனம். வேறு டிரஸ்ட்டோடு இணைவதற்கும் டிரஸ்ட்டின் அமைப்பு விதிகளைத் திருத்துவதற்கும் ஒப்புதல். இயக்குநர் யாரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லும் அதிகாரமும் உண்டு; அதைப் பயன்படுத்தினால் ஆண்டறிக்கையில் எழுத வேண்டும். அதனால்தான் அதைச் சொல்லிக் காட்டினாலே போதும், ஆள் வந்துவிடுவார்.

கவர்னர்களுக்குப் பதிலாக நோயாளிகளின் கருத்தைக் கேட்க வேறு வழி வைப்பார்களாம். கருத்துக் கேட்பது வேறு. வேலையிலிருந்து நீக்கக்கூடியவர் கேட்பது வேறு.

ஜூலை 12

நூலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம், டிரஸ்ட்டுக்கு உறுப்பினர் சேர்க்க. சேர்ந்தவர்கள் குறைவு, கேட்டவர்கள் அதிகம். ஒரு அம்மா: பக்கத்து வீட்டு முதியவர் குளியலறையில் விழுந்து இரவு முழுக்கத் தரையில் கிடந்தாராம். தனிப்பட்ட புகாரைக் கவர்னர் விசாரிக்க முடியாது என்று சொல்வதுதான் இந்த வேலையிலேயே கொடுமையான வாக்கியம். சரியான வழி: சேவையின் புகார்ப் பிரிவுக்கு, நடந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள். பதில் திருப்தி இல்லையென்றால் ஆம்புட்ஸ்மன் என்னும் வெளிக் குறைதீர்ப்பாளரிடம். படிவத்தைக் கையில் கொடுத்தாயிற்று.

ஜூலை 13

அடிபடாமல் விழுந்தவர் பெரும்பாலும் வகை 3. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு மணி நேரம் என்பது அதன் இலக்கு. தரையில் நெடுநேரம் கிடந்தால் தசை நசுங்கி அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும், உடம்பு குளிர்ந்துபோகும், அழுத்தப் புண் வரும். விழும்போது ஒன்றும் ஆகாதவர் காத்திருந்தே நோயாளி ஆகிறார்.

இதற்கு வண்டி வேண்டியதில்லை. காற்று நிரப்பும் தூக்கு மெத்தை இருக்கிறது: நான்கு அடுக்கு, சின்ன பேட்டரிக் கம்ப்ரசர். கீழ் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக நிரப்பினால் ஆள் நாற்காலி உயரத்துக்கு வந்துவிடுவார். முன்னால் ஒருவர், பின்னால் முதுகைத் தாங்க ஒருவர். இடுப்பு வலி, தலையில் அடி, கால் ஒன்று குட்டையாகித் திரும்பியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தூக்கக் கூடாது. கிராமத்துத் தன்னார்வ முதலுதவியாளர்களில் எத்தனை பேரிடம் இந்த மெத்தை இருக்கிறது, எத்தனை கம்ப்ரசர் சார்ஜ் செய்யப்பட்டிருக்கிறது? கேள்விப் பட்டியலில் சேர்த்தேன்.

ஜூலை 29

ஆறு வண்டிகள் ஒரே மருத்துவமனை வாசலில், ஒவ்வொன்றும் 75 நிமிடம். நோயாளியை மருத்துவமனையிடம் ஒப்படைக்க அனுமதி 15. மிச்சம் 60, ஆறு வண்டிக்கு ஆறு மணி நேரம். ஒரு குழுவின் 12 மணி நேர ஷிஃப்டில் பாதி வாசலிலேயே கரைந்தது. 2022 டிசம்பரில் இங்கிலாந்தின் வகை 2 சராசரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியதற்குப் பெரிய காரணம் இந்த வாசல்தான்.

இப்போது வாசலில் காத்திருக்க உச்சவரம்பு 45 நிமிடம். சரி. ஆனால் வண்டியிலிருந்து இறக்கியவரை எங்கே வைக்கிறார்கள்? நடைபாதையிலா? நம் அட்டவணையிலிருந்து இன்னொருவர் அட்டவணைக்கு நகர்ந்துவிட்டார், அவ்வளவே.

ஆகஸ்ட் 14

கூட்டமில்லாத மாதம். ஊரிலிருந்து அத்தை கேட்கிறார்: "கவர்னர்னா சம்பளம் எவ்வளவுப்பா?" பெட்ரோல் காசு, அத்தை.

செப்டம்பர் 8

நியமனக் குழு. ஒரு இயக்குநர் இடம் காலி. வேலை இந்த வரிசையில்: போர்டில் என்ன திறன் இல்லை என்று பார்ப்பது, பணிக் குறிப்பு, விளம்பரம், சுருக்கப் பட்டியல், நேர்முகம், முழுக் கவுன்சிலில் வாக்கு. முதல் படியிலேயே வழுக்குகிறது. எல்லோரும் கணக்காளர் தேடுகிறார்கள். அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவர் போதாது, அதில் யார் விடுபட்டார் என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

செப்டம்பர் 16

கேட்டேன்.

பதில்: தரக் குழு தாமத வழக்குகளைக் காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கிறது. எந்த வழக்குகளை? யாராவது சம்பவ அறிக்கை பதிந்தவற்றை. பதியாதவை? சிறிது அமைதி. பன்னிரண்டு மணி நேரம் ஓடி முடித்த ஊழியர் வீட்டுக்குப் போகும் முன் உட்கார்ந்து படிவம் நிரப்பினால்தான் பத்தாவது ஆள் கண்ணில் படுவார். மிக நீண்ட காத்திருப்புகளிலிருந்து குலுக்கல் முறையில் மாதிரி எடுத்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள். குறிப்பேட்டில் பதியச் சொன்னேன். ஊழியர் தரப்புக் கவர்னர் வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 17

குறிப்பேடு வரைவு வந்தது. "விவாதிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். "ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று திருத்தி அனுப்பினேன்.

அக்டோபர் 2

கவர்னர் தேர்தலுக்கான முன்மொழிவுப் படிவம். டிரஸ்ட்டில் பண நலன் உண்டா, அரசியல் கட்சி உறுப்பினரா என்று அறிவிக்க வேண்டும். பதவிக் காலம் மூன்று ஆண்டு வரை. சட்டம் எப்போது மாறும் என்று படிவத்தில் கட்டம் இல்லை.

அக்டோபர் 9

கட்டு வந்தது. வகை 2 அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி: மிக நீண்ட காத்திருப்பு. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. கீழே சின்ன எழுத்தில், தரவு சரிபார்க்கப்படுகிறது.