உறைக்கும் தட்டுக்கும் சம்பந்தமில்லை

"ஒண்ணே ஒண்ணுதான்" என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க" என்றாள் மனைவி. போன தடவை பதினொன்று வாங்கினேன். அதில் இரண்டு ஒரே ரெக்கார்டு, உறையின் நிறம் மட்டும் வேறு. அது அவளுக்கு இன்னும் தெரியாது.

பழைய இசைத்தட்டுச் சந்தையில் மேசைக்கு மேலே ஒரு உலகம், அடியில் இன்னொரு உலகம். மேலே இருப்பவை பிளாஸ்டிக் உறை போட்டு, விலைச்சீட்டு ஒட்டி, பெண் பார்க்கும் நாளில் கல்யாணப் பெண் மாதிரி அலங்காரமாக நிற்கும். அடியில் அட்டைப்பெட்டிகள், எதை எடுத்தாலும் ஒரே விலை. நான் கீழுலகவாசி. முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் ஒவ்வொன்றாக முன்னுக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பத்து நிமிடத்தில் விரல் நுனி கரி அள்ளியது போல் ஆகிவிடும். பக்கத்தில் ஒருவர் ஒவ்வொரு உறையையும் முன்பக்கம், பின்பக்கம், நன்றியுரை வரை படித்துக்கொண்டிருப்பார். நாம் தேடும் தட்டு எப்போதும் அவர் பெட்டியில்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் ஒரு தனி பாஷை உண்டு. விற்கிறவர்கள் தட்டின் நிலையைச் சீட்டில் எழுதி ஒட்டுவார்கள். 'மின்ட்' என்றால் புத்தம் புதுசு, அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. 'நியர் மின்ட்' என்றால் நல்லது. 'வெரி குட்' என்றால் கீறல் உண்டு, கேட்கவும் செய்யும். 'குட்' என்றால் நாசம். முதன்முதலில் 'குட்' என்று பார்த்து ஆசையாக வாங்கிப்போய் ஊசியை வைத்தால், பாட்டுக்குப் பின்னணியில் யாரோ விறகு எரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் நான் உஷார். எடுத்தவுடன் வாங்குவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் என்னென்ன செய்கிறார்களோ அத்தனையையும் செய்கிறேன். தட்டின் விளிம்பையும் நடுவையும் மட்டும் தொட்டுப் பிடித்து, கண்மட்டத்துக்குத் தூக்கி, வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் நோட்டம் விடுவேன். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பேன். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமுன் ஒரு வெற்று வளையம் இருக்குமே, அங்கே பொடி எழுத்தில் ஒரு எண் பொறித்திருப்பார்கள். எந்த மூல அச்சிலிருந்து வந்தது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். எனக்கு அதில் ஒன்றும் புரியாது. இருந்தாலும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு லேசாகத் தலையாட்டுவேன்.

அன்று கிடைத்தது ஒரு எல்.பி., அதாவது நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு. உறையில் பெரிய இசைக்குழு, வரிசை வரிசையாக வயலின்கள். உள்ளே தட்டு முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது. வளைவு இல்லை. கீறல் இல்லை. எண்ணைக் குறித்தேன், தலையாட்டினேன், எடுத்துக்கொண்டேன். ஒன்று ஆயிற்று. கிளம்பியிருக்கலாம்.

"தம்பி, இதைப் பாருங்க" என்றார் கடைக்காரப் பெரியவர். தலை பாதி நரைத்தவனைத் தம்பி என்று கூப்பிட்டால் யார்தான் நிற்க மாட்டார்கள்? அவர் கையில் இருந்தது நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டு. 1948-ல் வினைல் எல்.பி. வருவதற்கு முந்தைய ரகம், அரக்கில் செய்தது. பூச்சி சுரக்கும் அதே அரக்குதான். பத்து அங்குலம், பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும். "கீழ விட்டீங்கன்னா அவ்வளவுதான், பீங்கான் தட்டு மாதிரி" என்றார். அந்தப் பயத்திலேயே கையில் வாங்கினேன். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க ஒரு கூச்சம். அதையும் எடுத்துக்கொண்டேன்.

குழந்தையைத் தூக்கிவருவதுபோல நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்க்கிறேன், என் பிளேயரில் இருப்பது 33, 45 என்று இரண்டே வேகம். சரி, 45-ல் ஓடவிட்டுத்தான் பார்ப்போமே என்று வைத்தேன். பாடகி மயக்க மருந்து தெளியாத ஆண்பிள்ளை மாதிரி முனகினார். அதோடு எல்.பி. ஊசி அந்தக் காலத் தட்டுக்கு ரொம்ப மெல்லிசு. அகலமான பள்ளத்தில் கிடந்து ஆடும். அரக்கோடு கல்பொடி வேறு கலந்திருப்பார்கள். அன்றைய எஃகு ஊசியையே தேய்த்துவிடும், பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றுவார்களாம். பத்தே வினாடியில் பதறிப்போய்த் தூக்கினேன்.

"யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மானத்தைக் காப்பாற்ற எல்.பி.யை எடுத்தேன். "இங்க வந்து உக்காரு, வயலின் கேளு" என்று மனைவியை நடு நாற்காலியில் உட்காரவைத்தேன். ஊசி இறங்கியது. வயலின் வரவில்லை. ஒரு ஆண்குரல் செய்தி வாசிப்பதுபோல நிதானமாக, "இது இடது பக்கம்" என்றது. தொடர்ந்து ஒரு 'கூ...' சத்தம்.

அப்போதுதான் லேபிளைப் படித்தேன். ஸ்பீக்கர்களைச் சரிபார்க்கும் ஸ்டீரியோ சோதனைத் தட்டு. வளைவு பார்த்தேன், கீறல் பார்த்தேன், கண்ணுக்கே தெரியாத எண்ணைக்கூடப் பார்த்தேன். நடுவில் கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. அவ்வளவு புதுசாக இருந்ததற்குக் காரணமும் விளங்கியது. அதை யார் இரண்டாம் முறை போட்டுக் கேட்கப்போகிறார்கள்?

நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இடது பக்கம்னு சொல்றாரு. சத்தம் வலது பக்கம்ல வருது?"

மறுபடி போட்டோம். "இது இடது பக்கம்." வலது ஸ்பீக்கர் 'கூ...' என்றது. "இது வலது பக்கம்." இடது ஸ்பீக்கர் 'கூ...' என்றது. ஒயரை மாட்டியது நான்தான், ஒரு வருடத்துக்கு முன்பு.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மனைவியின் தம்பி எப்போது வந்தாலும் அதே நாற்காலியில் உட்காரவைத்து, "கண்ணை மூடிக் கேளு, யார் யார் எங்க உக்காந்திருக்காங்கன்னு அப்படியே தெரியும்" என்று வகுப்பெடுப்பேன். ஒரு தடவை அவன், "மாமா, உறைப் படத்துல வயலின் எல்லாம் இடது பக்கம் இருக்கு, சத்தம் வலது பக்கம் வருதே?" என்று கேட்டான். "அது வேற மரபுடா, உனக்குச் சொன்னாப் புரியாது" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒயரை மாற்றி மாட்டுவதற்காக அலமாரிக்குப் பின்னால் தலையை நுழைத்தேன். முன்னால் மனைவி போனை எடுக்கும் சத்தம் கேட்டது.

"டேய் தம்பி, வேலையா இருக்கியா? உங்க மாமாகிட்ட ஒரு புது மரபு இருக்குன்னு சொன்னாருல்ல..."