களஞ்சியத்தில் ஏற்றப்போய் மூன்று முறை திரும்பிய கட்டுரை

சந்தா ஆய்விதழில் வந்த கட்டுரையை, கட்டணம் எதுவும் கட்டாமல், எல்லாரும் படிக்கும்படி பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவைக்கலாம். ஓப்பன் ஆக்சஸில், அதாவது ஆய்வுகளை யாரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவைப்பதில், ‘பச்சை வழி’ என்பது இதுதான். கேட்டால் பத்து நிமிட வேலை. எனக்கு மூன்று முறை திரும்பி வந்து நான்காம் முறைதான் ஏறியது. கணக்குத் திறப்பது, ஆர்சிட் எண்ணை (ஆய்வாளரின் அடையாள எண்) இணைப்பது, சுருக்கத்தை ஒட்டுவது எதிலும் தொந்தரவில்லை. வம்பு முழுக்கக் கோப்பில்தான்.

முதல் முறை ஏற்றியது பதிப்பகத்தின் தளத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப். ‘இந்த வடிவத்துக்கு அனுமதி இல்லை’ என்று ஒற்றை வரியில் பதில். எந்த வடிவத்துக்கு அனுமதி உண்டு என்பதையும் அதே வரியில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பதிப்பகங்களின் கொள்கைகளைத் தொகுத்துத் தரும் ஷெர்பா ரோமியோ தளத்தில் (இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர்) ஆய்விதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐக் கொடுத்துத் தேடினால், முதலில் சமர்ப்பித்த பிரதி, ஏற்கப்பட்ட பிரதி, வெளியான வடிவம் என மூன்றுக்கும் தனித்தனியாக நிபந்தனைகள் வருகின்றன: எங்கே போடலாம், எத்தனை மாதம் கழித்து, எந்த உரிமத்தில். சந்தா இதழ்களில் பெரும்பாலும் வெளியான வடிவத்துக்கு இடமில்லை. ஏற்கப்பட்ட பிரதிக்கு உண்டு.

இரண்டாம் முறை மெய்ப்புப் பிரதியை அனுப்பியது அசல் முட்டாள்தனம். மெய்ப்பில் இருப்பது பதிப்பகம் செப்பனிட்டு, பக்கம் அமைத்த வடிவம். ஏற்கப்பட்ட பிரதி என்பது மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தமெல்லாம் முடித்து, ‘ஏற்றுக்கொண்டோம்’ என்ற கடிதம் வந்தபோது நம் கையிலிருந்த கோப்பு. அது எங்கே என்று தேடும்போதுதான் நெஞ்சு வலிக்கும். சமர்ப்பிப்புத் தளத்தில் கிடைக்கும் தொகுப்பு பிடிஎஃப்பில் வரி எண்கள் ஓடும். சில தளங்களில் மதிப்பீட்டாளர்களுக்கு எழுதிய பதில் கடிதமும் அதற்குள்ளேயே இருக்கும். அதை அப்படியே பொதுவெளியில் போட்டுவிடாதீர்கள். கடைசித் திருத்தத்தின் மூலக் கோப்பை எடுத்து, தடம்பதித்த மாற்றங்கள் அனைத்தையும் ஏற்று, ஓரக் குறிப்புகளை அழித்து, தனித்தனியாக ஏற்றிய படங்களை உரிய இடத்தில் வைத்துப் புதிதாக பிடிஎஃப் ஆக்குங்கள். முதல் பக்கத்தில் ‘இது ஏற்கப்பட்ட பிரதி’ என்று எழுதி, ஆய்விதழின் பெயர், வெளியான வடிவத்தின் டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) இரண்டையும் சேர்க்க வேண்டும். அடுத்த கட்டுரைக்கு, ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்தக் கோப்பை டிஓஐ வந்ததும் தேட வசதியாகத் தனிக் கோப்புறையில் போட்டுவையுங்கள்.

மூன்றாம் முறை உரிமம். படிவத்தில் ‘சிசி பை’ (ஆசிரியர் பெயரைச் சொல்லி யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) ஏற்கெனவே தேர்வாகி நின்றது, பார்க்காமல் அழுத்தியாயிற்று. பதிப்பகம் கேட்டதோ ‘சிசி பை-என்சி-என்டி’: வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. களஞ்சிய ஊழியர் கண்ணில் பட்டதால் தப்பியது. செனோடோ என்ற பொதுக் களஞ்சியம் போன்ற, முன்கூட்டி யாரும் சரிபார்க்காத இடத்தில் இது நேராக வெளியாகிவிடும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. செனோடோவில் இன்னொரு குழி: ‘டிஓஐ ஏற்கெனவே உண்டா’ என்ற கேள்விக்கு இல்லை என்றால் புதிதாக ஒன்றைத் தந்துவிடும். ஒரே கட்டுரைக்கு இரண்டு டிஓஐ, மேற்கோள்கள் இரண்டாகப் பிரியும்.

கோப்பை எல்லாருக்கும் திறக்குமுன் பதிப்பகம் காத்திருக்கச் சொல்லும் தடைக்காலம் எங்களுக்கு 12 மாதம். இலக்கியம், வரலாறு போன்ற கலைப்புலங்களிலும் சமூக அறிவியலிலும் சில இதழ்களில் 24 மாதம்கூடப் போகும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைக் கொள்கையிலேயே பாருங்கள். கட்டுரை இணையத்தில் வந்த நாளும் இதழ் எண் கிடைத்த நாளும் மாதக்கணக்கில் விலகியிருக்கும். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்: இன்றே ஏற்றி, திறக்கும் தேதியைக் குறித்துவிட்டால் தலைப்பும் சுருக்கமும் உடனே தெரியும், கோப்பு அன்றைக்குத் தானாகத் திறக்கும்.

தடைக்காலமே வேண்டாம் என்பவர்கள், ‘ஏற்கப்பட்ட பிரதிக்கு சிசி பை உரிமம் பொருந்தும்’ என்ற வாக்கியத்தைச் சமர்ப்பிக்கும்போதே நன்றியுரையில் சேர்க்கலாம். ஆய்வு நிதி அமைப்புகளின் கூட்டணியான கோஅலிஷன் எஸ் 2020-இல் முன்வைத்த உரிமைத் தக்கவைப்பு முறை இது. சில இதழ்கள் முகம் சுளிக்கும். உரிமையை எழுதிக்கொடுத்தபின் இதைக் கேட்டுப் பயனில்லை.

‘ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் போட்டால் போதாதா’ என்று கேட்ட சக ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை: பல பதிப்பகங்கள் வணிகத் தளங்களை அனுமதிப்பதில்லை, இலவசப் பிரதி எங்கே இருக்கிறது என்று காட்டும் உலாவி நீட்சியான அன்பேவால் அவற்றை எடுத்துக்கொள்வதும் இல்லை. எங்கள் கோப்பு திறந்து சில நாள் கழித்து, கட்டணச் சுவர் நிற்கும் பதிப்பகப் பக்கத்தின் ஓரத்திலேயே அன்பேவாலின் பச்சைப் பூட்டு திறந்தபடி நின்றது. அழுத்தினேன், எங்கள் பிடிஎஃப் வந்தது.