எந்த நோட்டில் எழுதுவது?

ஜனவரி 11, சனி

"போன மாசம் எத்தனை நாள் தலை வலிச்சுது?" என்று டாக்டர் கேட்டதும் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். தினமும் எழுதுகிறவன், பதில் உள்ளே இருக்கும் என்ற தைரியம். புரட்டினால் புலம்பல்தான் இருக்கிறது. "மண்டை வெடிக்கிறது." "காலையிலேயே ஆரம்பித்துவிட்டது." எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எத்தனை மாத்திரை? ஒன்றும் இல்லை.

"குடுங்க, நான் பாக்கறேன்" என்று அவரே நோட்டை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் தலைவலிக்குக் கீழே என் மச்சானைப் பற்றி நாலு வரி இருந்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளியில் பரிசெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் வாசித்தாரா இல்லையா, முகத்தில் தெரியவில்லை. "இதுக்குன்னு தனியா ஒரு நோட்டு போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி 12, ஞாயிறு

ஒன்று போடச் சொன்னதற்கு ஆறு போட்டாகிவிட்டது. தலைவலி, வேலை, வாசிப்பு, கனவு, கோபம், மகள். அட்டை போட்டு லேபிள் ஒட்டுவதிலேயே மதியம் கழிந்தது. உள்ளே இன்னும் ஒரு வரி இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

தலைவலி நோட்டுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: நாளுக்கு ஒரே வரி. தொடங்கிய நேரம், விட்ட நேரம், பத்துக்கு எத்தனை, இடமா வலமா, மாத்திரை, முந்தின இரவு எத்தனை மணி தூக்கம். "தாங்க முடியவில்லை" என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதுவதில்லை, 8 என்று போட்டுவிட்டு மூடிவிடுகிறேன். கனவு நோட்டு நாலே நாளில் செத்தது.

சிக்கல் மற்றவற்றில்தான். இன்று கூட்டத்தில் என் அறிக்கையை எல்லார் முன்னிலும் ஓரமாகத் தள்ளினார்கள். இது வேலையா, கோபமா? வீட்டுக்கு வரும் வழியிலேயே இடது பக்கம் வலிக்கத் தொடங்கியது, அது இன்னொரு நோட்டு. கதவைத் திறந்ததும் மகள் "யாருப்பா உன்னைத் திட்டினா?" என்று கேட்டாள், அது வேறொன்று. ஒரு சாயங்காலத்தை நாலு துண்டாக வெட்ட வேண்டியிருந்தது. வெட்டவும் மனமில்லை, எதிலும் எழுதாமலே படுத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆனந்தரங்கப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தார். 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் காலம்வரை நாட்குறிப்பு எழுதியவர், புதுச்சேரியின் பிரெஞ்சு குவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். கப்பல் வரத்தும் வியாபாரமும் குவர்னரோடு பேசிய பேச்சும் வீட்டு விசேஷமும் ஒரே ஓட்டத்தில் போகும். எந்த நோட்டு என்று அவர் ராத்திரி முழித்துக்கொண்டிருந்திருப்பார் என்று தோன்றவில்லை.

ஆனால் நான் கணக்குப் பிரிவுக்காரன். எங்கள் தொழிலில் இதற்கு என்றைக்கோ வழி கண்டுவிட்டார்கள். 1494இல் இத்தாலியக் கணிதப் பண்டிதர் லூக்கா பச்சோலி, எதையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கியபோது வணிகனுக்கு மூன்று புத்தகம் சொன்னார். நடந்ததை நடந்த வரிசையில் கிறுக்கிவைக்க ஒன்று, அதை ஒழுங்காக எடுத்தெழுதக் குறிப்பேடு, இனம்வாரியாகப் பிரிக்கப் பேரேடு. முதலாவதைத்தான் நம்மூர்க் கணக்கர்கள் சிட்டை என்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இயற்பியலாளர் லிச்டென்பெர்க் இதை வணிகர்களிடமிருந்து கடன் வாங்கி, மனதில் பட்டதையெல்லாம் சிட்டைகளில் எழுதி, அவற்றுக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் பெயர் வைத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் இருபது வருஷமாகச் செய்கிற வேலை வீட்டில் உறைக்கவில்லை பாருங்கள். நாளையிலிருந்து சட்டைப்பையில் ஒரு சிட்டை. எல்லாம் முதலில் அதில் விழட்டும், ராத்திரி பிரித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சிட்டை வேலை செய்கிறது. எடுத்தெழுதும்போது ஒன்று புரிந்தது: நோட்டுகளைப் பிரிப்பது விஷயம் இல்லை, வாசிக்கப்போகிறவர்தான். தலைவலி நோட்டை டாக்டர் வாசிப்பார். வேலை நோட்டை ஆறு மாதம் கழித்து நானே, அதுவும் அவசரத்தில். மகளுடையதை, இருபது வயதானபின் மகள். (அதில் என்னையும் அறியாமல் கொஞ்சம் நல்ல அப்பாவாகிவிடுகிறேன். கூச்சமாக இருக்கிறது.) கோப நோட்டை யாரும் வாசிக்கக் கூடாது.

வாசிப்பு நோட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. அதை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கோபத்துக்கு அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் முறையைப் பின்பற்றிப் பார்த்தேன். 1986இல் வெளியான ஆய்வில் மாணவர்களை நாலு நாள், தினமும் 15 நிமிடம், தங்கள் வாழ்க்கையில் மனம் அடிபட்ட சம்பவத்தை எழுதவைத்தார். நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் பிறகு வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகப் போனார்களாம். எழுதி முடித்த உடனே மட்டும் மனம் இன்னும் கனத்திருந்ததாம். அந்தக் கனம் உண்மை. நாலு நாளும் மச்சான்தான். வீட்டு ஆவண விவகாரத்தில் ஆரம்பித்துக் கல்யாண மண்டபம்வரை போய்விட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று சிட்டையில்கூட எழுதவில்லை. தலைவலி நோட்டில் மட்டும் ஒரு வரி.

பிப்ரவரி 13, வியாழன்

31 வரிகளையும் டாக்டர் விரலால் எண்ணினார். 17 நாள் மாத்திரை போட்டிருக்கிறேன். கேட்டிருந்தால் ஏழெட்டு என்றுதான் சொல்லியிருப்பேன், பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல். சாதாரண வலி மாத்திரையே ஆனாலும் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, அதுவும் மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டுக்கொண்டே போனால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். இனி எப்படிக் குறைப்பது என்று எழுதித் தந்தார்.

"இது என்ன, ஒம்பதாம் தேதி?" என்று நடுவில் ஒரு வரியைக் காட்டிக் கேட்டார். "இரவு 1.50, 10/10, இடது, வாந்தி. ஆஸ்பத்திரி, ஊசி 2.40." யார் கூட்டிப்போனது என்று கேட்டார். மச்சான் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோப நோட்டை எடுத்து வாசித்தேன். அதை மட்டும் யாராவது பார்த்தால் மச்சானை ராட்சசன் என்றே நினைப்பார்கள். நடுராத்திரி போன் அடித்த பத்தாவது நிமிடம் லுங்கியோடு வந்து நின்றவர், ஊசி போட்டு முடியும்வரை என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், என் ஆறு நோட்டில் எதிலும் இல்லை. தலைவலி நோட்டில் இருக்க வேண்டியவர்தான். டாக்டருக்கு அது தேவையில்லை என்று நான்தான் விட்டிருக்கிறேன்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் பே.ப.எண் என்று ஒரு பத்தி இருக்கும், பேரேட்டில் இது எந்தப் பக்கத்துக்குப் போனது என்று காட்ட. ஸ்கேலை எடுத்து எல்லா நோட்டிலும் வலது ஓரம் கோடு போட்டேன். கோப நோட்டின் நாலு பக்கங்களுக்கும் எதிரே எழுதினேன்: தலைவலி, பிப். 9.

மகள் நோட்டில் இன்னும் கோடு போடவில்லை.